கேட்டால்தான் கிடைக்கும்

அமெரிக்காவில் பனிக்காலம் வந்தால், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் தம் தொகுதி மக்களுக்கு மடல் விடுப்பது வழக்கம். வீட்டைச் சூடேற்ற என்ன உதவி, உணவுக்கு என்ன உதவி, யாரைக் கேட்பது என்றெல்லாம் அதில் இருக்கும். பனியறியாத தோட்டத்தில் பால் வெட்டும் நமக்கும் இதில் பாடமுண்டு.

மினசோட்டா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சூடில்லாத வீட்டில் உயிர் தங்காது. ஆகவே, அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, பாக்கி வைத்த வீட்டுக்கும் எரிவாயு, மின்சாரம் துண்டிக்கப்படாதிருக்கச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது தானாக வராது. கம்பெனியிடம் பேசித் தவணை ஒப்புக்கொண்டு, தவறாமல் கட்டுபவருக்கே அது. 1981இல் மத்திய அரசு ஏற்படுத்திய எரிபொருள் உதவியும் மனுப் போட்டவருக்கே; அதுவும் நிதி உள்ளவரைக்குமே. தகுதியுள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை அதைப் பெறுவதில்லை.

மடல் எழுதும் உறுப்பினரைப் பாராட்டுகிறோம். ஆனால் கடமை அத்தோடு தீராது. எழுத்தறியாத கிழவிக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

நம் நிலையும் இதுதான். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்குச் சொக்சோ உண்டு. வேலையில் விபத்தென்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டால் யார் அறிவார்?

கிராணிமார்களே, பாரத்தை நீட்டினால் போதாது. உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். தொழிலாளத் தோழர்களே, கேட்க வெட்கப்படாதீர்கள். அது பிச்சையன்று, உரிமை.