குறியும் குறையும்

கருவுற்ற செய்தியை மூன்று திங்கள் கழியுமுன் வெளியிடலாகாது என்னும் வழக்கம் நம் புதுவையிலும் சூழவுள்ள சிற்றூர்களிலும் இன்றும் உண்டு. கண்ணேறு படும் என்பர் சிலர். கரு நிலையாவிடின் ஊரார்க்கு விடை சொல்ல நேருமே என அஞ்சுவர் சிலர். அதனை நாம் இகழ்ந்தோமில்லை. ஊராரிடம் மறைப்பதாற் கேடொன்றுமில்லை. வைத்தியரிடமும் மறைப்பதே கேடு. குழவியின் பிடரித் தோலின்கீழ்த் தேங்கிய நீரை ஸ்கேன் கருவியால் அளந்தறிதற்குரிய காலம் 11 வாரம் முதல் 13 வாரமும் 6 நாளும் வரையே. அந்நீர் 3.5 மில்லிமீட்டருக்கு மேற்படின், குரோமோசோம் கோளாறோ இருதயக் குறையோ இருக்கலாமென ஐயுற்று மேலும் ஆராய்வர். அக்காலம் கடந்தால் நீர் பெரும்பாலும் வடிந்துபோம்; நீர் வடிந்தமையாற் குறை நீங்கிற்றென்பதன்று.

நிற்க. இத்தகைய அடையாளங்களைக் குறி என்போம். குறி வேறு, குறை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் துன்பத்தை நாம் நேரிற் கண்டுள்ளோம். நாமறிந்த இல்லமொன்றில், ஐந்தாம் மாத ஸ்கேனில் குழவியின் இருதயத்தில் ஒரு வெண்புள்ளி தோன்றியதாக எழுதப்பட்டிருந்தது. அறிக்கையோ ஆங்கிலத்தில். அதனைப் படித்துப் பொருள் சொல்லும் பணி, வழக்கம்போல, கல்லூரியிற் பயிலும் தம்பியின் தலையில் விழுந்தது. அவன் இரவெல்லாம் கைப்பேசியில் தேடி, விடிந்ததும், "இருதயம் பழுதாம், அக்கா" என்று சொல்லிவிட்டான். வளைகாப்புப் பேச்சு நின்றது. பத்து நாள் அவ்வீட்டில் வயிறார உண்டார் எவருமிலர். பின்னர் வைத்தியர் பார்த்து, வேறு குறி யாதுமில்லாதவிடத்து இப்புள்ளியால் இருதயத்துக்கு ஊறில்லை எனத் தெளிவித்தார். அக்குழந்தை இப்போது பள்ளி செல்கின்றது. அப்பத்து நாளை அத்தாய்க்கு யார் திருப்பிக் கொடுப்பர்?

ஆயினும் குறியெல்லாம் வெறுங்குறியே என்று வாளா இருந்துவிடலுமாகாது. 1986-ஆம் ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நிக்கொலைடிஸ் என்பாரும் அவர் குழுவினரும், முதுகுத்தண்டு மூடாத குழவிகளில் மண்டையோடு முன்புறம் நெரிந்து எலுமிச்சம்பழம்போலும், சிறுமூளை வளைந்து வாழைப்பழம்போலும் தோன்றுவதைக் கண்டு வெளியிட்டனர். பழுது முதுகில், அதனை அறிவிப்பது தலை! முதுகை மட்டும் நோக்கியவர்க்குத் தப்பிய குறையும் இக்கனிகளாற் புலப்படலாயிற்று. முதுகுத்தண்டு மூடும் காலமோ கருத்தங்கிய 28 நாளுக்குள்; பல பெண்டிர் தாம் கருவுற்றதையே அறியாத நாட்கள் அவை. முன்னர் இக்குறையுள்ள கரு உற்ற தாய்மார் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகின்றது என்பதைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991-இல் நிலைநாட்டிற்று. எனவே மாத்திரையைக் கருத்தரிக்குமுன்னரே தொடங்குதல் வேண்டும்.

காலந்தாழ்த்தற்கு நகரத்தார் சொல்லும் சமாதானம் எமக்கு விளங்கவில்லை. கோரிமேட்டில் ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை. விழுப்புரத்தினின்றும் கடலூரினின்றும் ஒருநாட் கூலியை இழந்து பேருந்தில் வருபவள் தாமதித்தால் அதிற் குற்றம் காணோம். 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேனை ஏழாம் மாதத்திற்குத் தள்ளினால், பெற்றோர் சிந்தித்து முடிவு செய்ய நாளில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்புக்கு 20 வாரத்தோடு எல்லை வகுத்தது; 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகையினர்க்கு அதனை 24 வாரமாக நீட்டி, பெருங்குறை உண்டென வைத்தியர் குழு தெளிந்தவிடத்து அவ்வெல்லையை நீக்கிற்று. ஆனால் முன்னறிதலின் பயன் அஃதொன்றே அன்று. பிறந்த சில நாளிலேயே இருதய சிகிச்சை வேண்டும் குழந்தை, அச்சிகிச்சை உள்ள இடத்திலேயே பிறந்தால் பிழைக்க வழியுண்டு. (ஆணா பெண்ணா என்பதே நம் வீடுகளில் முதற்கேள்வியாயிருப்பதும், அதனைச் சொல்லுதல் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாயிருப்பதும் யாவரும் அறிந்தவை.)

மாணவ நண்பர்காள்! வீட்டில் அவ்வறிக்கை நும் கைக்கே வரும். அதிற் கண்டது குறியா குறையா, தனித்த குறியா பிறவும் உளவா, அடுத்த சோதனை எது, எந்நாளுக்குள் என்று எழுதிக்கொடுத்து, அக்காளை வைத்தியரிடம் கேட்டுவரச் செய்யுங்கள். நீங்களாக விடை சொல்லற்க. ஆங்கில அறிக்கையோடு தமிழில் ஒரு பக்கமும் கொடுப்பது மருத்துவமனைகளுக்கு அரிதன்று. நம் பழைய மாணவருள் வைத்தியராயிருப்போர் அப்பக்கத்தை எழுதி உதவுவரேல், அடுத்த மலரில் அதனை முதற்கண் அச்சிடுவோம்.