தோளில் ஒரு தலை

தாம்பரத்திலிருந்து பீச் போகும் காலை நேர எலெக்ட்ரிக் டிரெயின். பக்கத்து சீட்டில் ஓர் இளைஞன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மடியில் ஃபைல். பல்லாவரம் தாண்டியதும் அவன் தலை என் தோளில் வந்து பார்க் ஆகிவிட்டது.

தட்டிவிட்டிருக்கலாம். ஆனால், பாவம், நைட் ஷிஃப்ட்டோ என்னவோ! எதிர் சீட் பெரியவர் வேறு, 'இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தரா!' என்கிற மாதிரி பார்த்தார். விடுவேனா? மூக்கு அரித்தபோதுகூடக் கையைத் தூக்கவில்லை. பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை... புத்தர் ரேஞ்சுக்கு உட்கார்ந்திருந்தேன்.

நுங்கம்பாக்கத்தில் நான் இறங்கியாக வேண்டும். மெதுவாகத் தோளை உருவினேன். விழித்துக்கொண்டான்.

"கிண்டி வந்துடுச்சா சார்?"

"கிண்டியா? அது போய் நாலு ஸ்டேஷன் ஆச்சே!"

"ஐயோ... பத்து மணிக்கு இன்டர்வியூ சார்!"

மணி பத்தாக எட்டு நிமிஷம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல சார், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர் பிளாட்பாரத்துக்குப் படியேறி ஓடினான்.

வேலை கிடைத்ததா, தெரியாது. பெயர்கூடக் கேட்கவில்லை. அன்று கணக்கு எழுதப் போன இடத்தில் டெபிட்டும் கிரெடிட்டும் கடைசிவரை டாலி ஆகவில்லை. "எங்கே இறங்கணும்?" என்று இரண்டே வார்த்தை கேட்டிருக்கலாம். நான்தான் நல்லவனாக உட்கார்ந்திருப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேனே!

இப்போதெல்லாம் யார் தோளில் சாய்ந்தாலும் உடனே உலுக்கிக் கேட்டுவிடுகிறேன். நேற்று ஒருத்தர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"பீச். அதுவரைக்கும் ஆடாம உட்காருங்க!"