முகத்துக்குப் பின்னால் கரைவது

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. மாலையில் அங்கே பனிமூட்டம் இறங்கினால் வெளிச்சம் சட்டென்று மங்கிவிடும். படம் பிடிக்கிறவர்களின் கை அப்போது எஃப் 2.8 சூம் லென்ஸைத்தான் தேடும். 70–200 மில்லிமீற்றர் லென்ஸை 200இல் வைத்து முழுதாகத் திறந்தால், ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 71 மில்லிமீற்றர். எஃப் 8க்குச் சுருக்கினால் 25தான். அந்த அகலத்துக்காகத்தான் அவ்வளவு காசு கொடுக்கிறோம். லென்ஸின் குறைகளை வெளியே கொண்டுவருவதும் அதே அகலம்தான்.

அப்படி எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நிற்பவரின் கண் கூர்மையாக இருக்கும். பின்னால் உள்ள விளக்குகள் படத்தின் நடுவில் வட்டமாகவும், ஓரத்தில் பூனைக்கண்ணாக ஒடுங்கியும் தெரியும். சாய்ந்து வரும் ஒளியை லென்ஸ் குழாயின் விளிம்பு வெட்டிவிடுகிறது. எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியாததால், தண்டவாளத்தின் பளபளப்பில் குவியத்துக்கு முன்னே ஊதாச் சாயலும் பின்னே பச்சையும் ஓடும். லென்ஸின் நடுவில் புகும் கதிரும் விளிம்பில் புகும் கதிரும் ஒரே புள்ளியில் சேராவிட்டால், விளக்கு வட்டத்தின் விளிம்பு முரடாகப் பளிச்சிடலாம். இல்லையென்றால் மெதுவாகக் கரையலாம். ‘பொக்கே’ என்று சொல்லும், கண்ணுக்கு இதமான அந்தப் பின்னணி மங்கலும் பெரும்பாலும் திருத்தாமல் விட்ட குறையின் கொடைதான். சூம் லென்ஸில் கண்ணாடிகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், 70இல் சரியாக அமைந்த திருத்தம் 200இல் அப்படியே அமைவதில்லை.

இந்தக் குறையைக் கலையாக்கிய ஒருவர் நம் மலைநாட்டில்தான் அடக்கமாகியிருக்கிறார். ஜூலியா மார்கரட் கமரன் 1863 டிசம்பரில், தன் 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவோடு படமெடுக்கத் தொடங்கினார். அதில் இருந்தது பெட்ஸ்வால் வகை லென்ஸ். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்த இடமும், தகட்டில் பதிந்த நீல ஒளி குவிந்த இடமும் அதில் ஒன்றாக இருக்கவில்லை. மங்கலாக எடுக்கிறார் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அழகாகத் தெரிந்த இடத்தில் திருகுவதை நிறுத்திக்கொண்டார் அவர். 1875இல் கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்த கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கெயார்ன் தோட்டத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் படங்களை உலகம் அறியும். மாதாவாக நிறுத்திப் படமெடுத்த வீட்டுப் பணிப்பெண்ணையும் மேரி ஹில்லியர் என்று பெயர் சொல்லி அறிகிறோம். இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் உழைக்கும் மக்களின் முகங்கள் உண்டு. பெயர்கள் அநேகமாக இல்லை. ‘இளம்பெண், சிலோன்’ என்ற அளவில் தலைப்பு நின்றுவிடுகிறது.

இன்றைக்கும் எனக்கு உறுத்துவது இதுதான். பட்டிப்பொலவிலிருந்து நானுஓயா, தலவாக்கலை என்று ரயில் இறங்க இறங்க, கொழுந்தெடுக்கும் பெண்களை நோக்கி எத்தனையோ கமராக்கள் நீள்கின்றன. நான்கு மீற்றர் தூரத்தில், 200 மில்லிமீற்றரில், எஃப் 2.8இல், முழுச் சட்டகக் கமராவில் கூர்மையாக விழுவது ஏறத்தாழ ஏழு சென்றிமீற்றர் ஆழம் மட்டுமே. தூரத்து விளக்கொன்று படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வட்டமாக விரியும். அந்த வட்டத்துக்குள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயமே காணாமல் போகும். செங்குத்தான மலையும், தகரக் கூரையும், ஒற்றையடிப் பாதையும் பச்சைக் களிம்பாகிவிடும். முகம் அழகாக மிஞ்சும். அவர் நிற்கிற இடம் மிஞ்சாது.

பொக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகத்தை முகமாக மட்டும் பார்க்கவேண்டிய நேரமும் உண்டு. ஆனால் அதே நபரை அதே இடத்திலிருந்து, சூமை 70க்கு இழுத்து எஃப் 8இல் இன்னொரு படம் எடுங்கள். அந்த விளக்கு வட்டம் முன்பிருந்த அகலத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும். கூரை கூரையாகத் தெரியும், சரிவு சரிவாகத் தெரியும். எடுத்து முடித்ததும் “அக்கா, உங்க பேரு என்ன?” என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் படத்தின் கீழே அதை எழுதுங்கள். மங்கலுக்கு லென்ஸைக் காரணம் சொல்லலாம். பெயர் விடுபட்டதற்கு அந்தக் காரணம் செல்லாது.