பொய்ப் பச்சை வேண்டாம்: பைட்டெஸ்ட் பயன்படுத்துவோரின் கோரிக்கைச் சாசனம்

பைட்டெஸ்டைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கும், அதை நம்பித் தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கும்:

பைத்தான் நிரல்களுக்கு டெஸ்ட் எழுதுவதே எங்கள் அன்றாட வேலை. பெரிய புது வசதி எதுவும் கேட்டு வரவில்லை. தோற்ற டெஸ்டைச் சிவப்பில் காட்ட எந்தக் கருவிக்கும் தெரியும். ஓடாத டெஸ்டைப் பச்சைக்குள் ஒளித்துவிடக் கூடாது என்பதே எங்கள் தலையாய கோரிக்கை.

டெஸ்டின் மேல் இடும் 'ஸ்லோ' என்ற மார்க்கரை அவசரத்தில் ஓர் எழுத்து மாற்றித் தட்டிவிட்டால் பைட்டெஸ்ட் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. 'ஸ்லோ' டெஸ்டுகளை மட்டும் பொறுக்கி ஓட்டும் இரவில் அந்த டெஸ்ட் வரிசையிலேயே இருக்காது. மற்றவை தேறிவிட, திரை பச்சையாகும். குவிந்து கிடக்கும் எச்சரிக்கைகளுக்கு நடுவே அந்த ஒரு வரியை யார் படிப்பார்கள்? கண்டிப்பாகச் சரிபார்க்கும் விருப்பம் இருப்பது தெரியும். அதைத் தேடிப்பிடித்து இயக்குபவர் பெரும்பாலும் ஏற்கெனவே அடிபட்டவர். அதுவே இயல்புநிலையாக வேண்டும். 2025இல் வந்த 8.4 பதிப்பு இதில் நல்ல வழி காட்டியிருக்கிறது: உரிய பிளகின் இல்லாத அசிங்க் டெஸ்டுகளை முன்பு எச்சரித்துவிட்டுத் தாண்டிப் போகும், இப்போது அவை தோல்வி. 'அசர்ட்' எழுத வேண்டிய இடத்தில் மதிப்பை 'ரிட்டர்ன்' செய்யும் டெஸ்டுகளுக்கும் அதே கதி. மனமார வரவேற்கிறோம். மார்க்கருக்கு மட்டும் ஏன் சலுகை?

அடுத்தது, பிழைச் செய்தி. இனிட் கோப்பு இல்லாத இரண்டு கோப்புறைகளில் ஒரே பெயரில் டெஸ்ட் கோப்பு இருந்தால், பைகேஷை அழி, அல்லது கோப்புக்குத் தனிப் பெயர் வை என்கிறது குறிப்பு. முதல் பாதியைப் படித்ததும் எல்லோரும் அழிக்கப் போய்விடுகிறார்கள். பிழை அப்படியே நிற்கிறது. இரண்டு கோப்புகளும் உண்மையில் இருக்கும்போது, பெயர் மோதுகிறது என்று நேராகச் சொல்லுங்கள். ஒரே பெயர்க் கோப்புகளை அனுமதிக்கும், 2020இல் வந்த இம்போர்ட்லிப் முறையை இயல்புநிலையாக்கச் சொல்லவில்லை. அதன் சிக்கல்களை நீங்களே ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். டெஸ்டுக்கு வேண்டியதைத் தயாரித்துத் தரும் ஃபிக்ஸ்சரின் பெயரைத் தவறாக எழுதினால் நீண்ட பட்டியலைக் கொட்டாமல், நெருங்கிய பெயரை முதலில் காட்டுங்கள்.

டெஸ்டுகளைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் எக்ஸ்டிஸ்ட் பிளகினில் நான்கு வொர்க்கர்களைக் கிளப்பினால், 'செஷன்' முழுமைக்கும் ஒருமுறை என்று எழுதிய ஃபிக்ஸ்சர் நான்கு முறை ஓடுகிறது. டேட்டாபேஸை உருவாக்கும் வேலை என்றால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது. கோப்புப் பூட்டு வைத்துச் சமாளிக்கும் முறை ஆவணத்தில் இருக்கிறது. எல்லோரும் அதையே நகலெடுத்து ஒட்டுகிறோம். அதைப் பிளகினுக்குள்ளேயே சேர்த்துவிடலாமே.

2024 மார்ச்சில் வெளியான 8.1.0 பதிப்பு சில பிளகின்களை உடைத்ததால் திரும்பப் பெறப்பட்டது. முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டிய சில எச்சரிக்கைகள் திரையில் வரவேயில்லை. சில நாட்களிலேயே 8.1.1 வந்து, நீக்கங்களைத் தள்ளிவைத்தது. அந்த வேகத்துக்கு நன்றி. இனி எதை நீக்குவதானாலும், அதற்கான எச்சரிக்கை பயனரின் கண்ணில் படுகிறதா என்பதற்கும் ஒரு டெஸ்ட் இருக்க வேண்டும்.

நிறுவனங்களே, மேலே கேட்டதெல்லாம் இலவச உழைப்பில் நடக்க வேண்டியவை. நிரந்தரப் பதிப்புக்கு முந்தைய ஆர்சி பதிப்பை உங்கள் டெஸ்டுகளோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஊழியருக்கு வேலை நேரம் ஒதுக்குங்கள். கருவிகளுக்கான பட்ஜெட்டில் பைட்டெஸ்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

எங்கள் தரப்பில், இனி ஒவ்வொரு புகாரோடும் பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்டும் மிகச் சிறிய டெஸ்ட் கோப்பையும், பைத்தான், பைட்டெஸ்ட், பிளகின் பதிப்பு எண்களையும் இணைப்போம்.