அறுப்போடு முடிந்துவிடுமா நம் பேணுதல்?

கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் ஞாயிறு காலை கோழிக்கடை முன் நிற்கும் நாம், "பாய், ஹலால்தானே?" என்று தவறாமல் கேட்கிறோம். அந்தப் பேணுதல் அவசியமானதே. ஆனால் அந்தக் கோழி நேற்றுவரை எதைத் தின்றது என்று நாம் கேட்பதில்லை.

நோயுற்ற கோழிக்கு மருந்து கொடுப்பது கடமை. நோயில்லாத கோழிக்கும், எடை கூட வேண்டுமென்று தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதே தவறு. வலுவற்ற கிருமிகள் அதில் மடிய, மருந்தைத் தாங்கும் கிருமிகள் பெருகுகின்றன. நன்கு வேகவைத்தால் அவை சாகும். எனினும் பச்சை இறைச்சியைத் தொட்ட கை, அரிவாள்மனை, வயலுக்கு எருவாகும் கோழிக்கழிவு ஆகியவற்றின் வழியே அவை பரவக்கூடும்.

கொலிஸ்டின் என்பது, பிற மருந்துகள் பலிக்காதபோது தீவிர சிகிச்சையில் மருத்துவர்கள் கையிலெடுக்கும் மருந்து. அதை முறியடிக்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை 2015இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பன்றிகளிலும் கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது காணப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. அதற்கு முன்பே, 2012இல், மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' ஆன்டிபயாட்டிக் முறைகேட்டைக் குறித்து எச்சரித்திருந்தது.

பிராணி எதைத் தின்றது என்ற கேள்வி மார்க்கத்திற்குப் புதிதன்று. அசுத்தம் தின்னும் பிராணியை 'ஜல்லாலா' என்பர். அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் அடைத்து வைத்த பின்பே உண்டார்கள் என அறிவிக்கப்படுகிறது. மருந்து கொடுத்த கோழியைக் குறிப்பிட்ட நாட்கள் கழித்தே விற்க வேண்டும் என்று இன்றைய கால்நடை மருத்துவமும் கூறுகிறது. ஆயினும் அக்காத்திருப்பில் இறைச்சியிலுள்ள மருந்தின் எச்சம் நீங்குமேயன்றி, கிருமி பெற்றுவிட்ட எதிர்ப்பாற்றல் நீங்காது. எனவே தேவையின்றிக் கொடுக்காதிருப்பதே வழி.

ஹலாலோடு 'தய்யிப்', அதாவது தூய்மையையும் குர்ஆன் இணைத்தே கூறுகிறது. வலீமாவுக்கு நூறு கிலோ வாங்கும் நம் ஜமாஅத்தார் பண்ணையாரிடம் இதைக் கேட்டால், அக்கேள்விக்கு எடை உண்டு. நம்மில் பண்ணை வைத்திருப்போருக்கோ இது அமானிதம். சளிக்கெல்லாம் மருந்துச்சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் வாங்கும் நம் பழக்கத்தையும் விட்டொழிப்போம்.

நாளை நம் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து பலிக்க வேண்டும். அதற்கு இன்றே கேட்கத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.