தாத்தா பேனா கீறுகிறதா? நிப்பை மாற்றும் முன் ஒரு நிமிடம்!

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், பத்திரக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய இங்க் பேனா இருக்கும். மூடியைத் திருகி, மை ஊற்றி எழுதிப் பார்த்தால் பேப்பரைக் கீறும், இல்லையென்றால் மை கக்கும். ‘நிப் போச்சு, வேற மாத்திடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். அந்த முடிவுக்கு வரும் முன், நிஜமாகவே நிப்தான் பிரச்னையா என்று பார்த்துவிடுங்கள்.

நிப்பா, மையா?

மை வரவே இல்லையென்றால், பெரும்பாலும் குற்றவாளி நிப் இல்லை, உள்ளே காய்ந்துபோன மைதான். நிப்புக்கு அடியில் வரி வரியாக ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். அதிலுள்ள மெல்லிய பள்ளத்தின் வழியாகத்தான் மை இறங்குகிறது, காற்று உள்ளே போகிறது. அந்தப் பள்ளம் அடைத்தால் புது நிப் போட்டாலும் எழுதாது.

பேனாவின் கழுத்துப் பகுதியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். தண்ணீர் நிறம் மாற மாற மாற்றுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். பழைய பேனாக்கள் பல எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆனவை. வெந்நீர் பட்டால் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். செல்லுலாய்டு பேனாவோ சூட்டில் உருமாறிவிடும். ஸ்பிரிட்டும் ஆகாது.

எழுதும்போது கீறினால், ஒரு லென்ஸ் வைத்து நிப் முனையைப் பாருங்கள். பிளவின் இரு பக்கமும் மேலும் கீழுமாக இருந்தால் அதைச் சரிசெய்ய முடியும், மாற்றத் தேவையில்லை. முனையில் இருக்க வேண்டிய சின்ன உருண்டை உடைந்திருந்தாலோ, நடு ஓட்டையிலிருந்து விரிசல் ஓடினாலோ, ஸ்டீல் நிப் அரித்திருந்தாலோதான் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல் பிளவில் பிளேடை விடுவது, சிமென்ட் தரையில் தேய்ப்பது இரண்டும் கூடாது. அந்த உருண்டை தேய்ந்துவிட்டால் திரும்ப வராது.

தங்கமா என்று பாருங்கள்

முக்கியமான விஷயம் இது. நிப்பில் 14 அல்லது 585, 18 அல்லது 750 என்று பொறித்திருக்கிறதா? இருந்தால் அது தங்க நிப்பாக இருக்கலாம். 14 காரட் என்றால் பத்தில் ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தங்கம். அந்தக் காலத்து மை இரும்பை அரித்துவிடும், தங்கத்தை அரிக்காது. ஆனால் தங்கம் மென்மையானது. அதனால்தான் முனையில் மட்டும் இரிடியம், ஆஸ்மியம் போன்ற கடின உலோகக் கலவையை ஒட்ட வைத்தார்கள்.

காஞ்சிபுரம், தென்னேரி பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய பட்டுப்புடவை கிழிந்தாலும் ஜரிகைக்கு விலை உண்டு என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். தங்க நிப்பும் அப்படித்தான். யாரிடமாவது பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் நிப்பை இரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். ‘மாற்றினால் பழைய நிப்பைத் திருப்பித் தர வேண்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது?

சென்னை பாரிமுனையில், என்.எஸ்.சி. போஸ் சாலையில் 1920-களில் தொடங்கிய ஜெம் அண்ட் கம்பெனி, பேனா விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் பெயர் பெற்றது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை இன்றும் கடைசல் இயந்திரத்தில் கையால் கடைகிறார்கள். ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா. அந்தச் சுதேசிப் பேனாவைப் பாராட்டி 1935-ல் வார்தாவிலிருந்து காந்தி கடிதம் எழுதினார்.

காராச்சேவுக்குப் பேர் போன சாத்தூர், ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பேர் போனது. தகட்டை வெட்டி, வளைத்து, பிளந்து, மெருகேற்றி நிப் செய்யும் பட்டறைகள் அங்கே இருந்தன. பால்பாயின்ட் பேனா வந்ததும் அந்தத் தொழில் நலிந்தது. பழைய பேனாவுக்குப் பொருத்தமான நிப் கிடைக்க இன்று அலைய வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாற்றுவது எப்படி?

சாதாரண ஸ்டீல் நிப் என்றால் வீட்டிலேயே மாற்றலாம்.

1. மையைக் கொட்டி, கழுத்தை ஊற வைத்த பிறகு தொடங்குங்கள்.

2. சில பேனாக்களில் நிப்பும் கட்டையும் ஒரே திருகாணியாகக் கழன்று வரும். திருகாணி இல்லையென்றால், மெல்லிய ரப்பர் துண்டால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுங்கள். குறடு வேண்டாம். வரவில்லையென்றால் மறுபடி ஊற வையுங்கள். பார்க்கர் 51 போல நிப் மூடியிருக்கும் பேனாவில் கை வைக்காதீர்கள், அது கடைக்காரர் வேலை.

3. புது நிப் வாங்கப் போகும்போது பேனாவையும் கட்டையையும் பழைய நிப்பையும் எடுத்துப் போங்கள். நீளம் மட்டும் பார்த்தால் போதாது, அடிப்பக்க வளைவும் கட்டையோடு ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் மை நின்று நின்று வரும்.

4. நிப்பின் பிளவும் கட்டையின் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி வைத்து, சேர்த்து உள்ளே தள்ளுங்கள்.

5. உடனே மை நிரப்பாதீர்கள். முதலில் தொட்டு எழுதிப் பாருங்கள். சரியாக வந்தால் நிரப்பலாம்.

நிப் மாறினால் கையெழுத்தின் பருமனும் மாறும். அந்தப் பேனாவோடு எழுதிப் பழகிய பெரியவர் வீட்டில் இருந்தால், கடையில் அவரையே எழுதிப் பார்க்கச் சொல்லி வாங்குவது நல்லது. கழற்றிய நிப்பைக் கழுவித் துடைத்து, ஒரு சின்னக் கவரில் போட்டு, எந்தப் பேனாவுடையது, எந்தத் தேதியில் மாற்றியது என்று எழுதி வையுங்கள். உடைந்த முனைக்குப் புது உருண்டை வைத்துத் தரும் கைகாரர்கள் வெளிநாடுகளில் இன்னும் இருக்கிறார்கள். என்றைக்காவது உதவும்.