எண்ணெயன்று அது!

தமிழ்நாட்டின் எந்த ஊர்திப் பட்டறை வாயிலில் நின்றாலும் ‘பிரேக் ஆயில்’ என்னும் சொல் காதில் விழும். “ஆயில் குறைந்துவிட்டது, கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடும்” என்பது அங்கு நாள்தோறும் வழங்கும் பேச்சு. ஆங்கிலமே அறிவியலின் மொழி என்று மார்தட்டுவோர் இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலேயன் அப்பொருளை ஆயில் என்று அழைப்பதில்லை. ‘புளூயிட்’, அஃதாவது நீர்மம் என்றே அழைக்கின்றான். ஆகவே பட்டறைகளில் வழங்கும் அச்சொல் தமிழுமன்று, செவ்விய ஆங்கிலமுமன்று. இரு மொழிக்கும் புறம்பான இந்தப் பொய்ப்பெயரால் வரும் கேடு செவியளவில் நின்றுவிடுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். அது மலைச்சரிவில் இறங்கும் ஊர்தியின் உயிர்நிலை வரை செல்கின்றது என்பதே கவலைக்குரியது.

எண்ணெய் என்பது எள்+நெய். எள்ளின் நெய்க்கே உரிய பெயர் பின்னர்ப் பிற வித்துகளின் நெய்க்கும் ஏறிற்று. அவ்வாறு ஏறியபோதும் தமிழர் வேப்பெண்ணெய், கடலையெண்ணெய், ஆமணக்கெண்ணெய் என முன்னொட்டு வைத்தே வழங்கினர். அதனால்தான் வேப்பெண்ணெயை எந்தத் தாயும் தாளிப்பதற்கு எடுத்ததில்லை. பெயரிலேயே பொருளின் இயல்பு விளங்கிற்று. ‘ஆயில்’ என்னும் ஒற்றைச் சொல்லோ பொறிக்கு ஊற்றுவதையும், பற்சக்கரப் பெட்டிக்கு ஊற்றுவதையும், தடுப்பிக்கு ஊற்றுவதையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்றே என்று கொள்வது மாந்தர் இயல்பு. இருட்டிய வழியில் தடுப்பி நீர்மம் குறைந்து நிற்கும் ஓட்டுநர், கையிலிருக்கும் பொறியெண்ணெயில் சிறிது ஊற்றினால் என்ன என்று கருதுவாராயின், பழியை அவர்மேல் மட்டும் சுமத்துவது நடுவுநிலையன்று. அவருக்குக் கற்பிக்கப்பெற்ற பெயரே அவரைத் தவறவிட்டது.

இன்று பெரும்பாலான மகிழுந்துகளின் தடுப்பியில் இருப்பது கிளைக்கால் ஈதர் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட நீர்மம். அது நீருடன் கலக்கும். கல்நெய்யினின்று எடுத்த எண்ணெயுடன் ஒன்றாது. ஒரு குவளை நீரில் சில துளிகள் விட்டுப் பார்த்தால் தடுப்பி நீர்மம் கரைந்து மறையும். எண்ணெயோ மேலே படலமாக மிதக்கும். ஐயத்திற்குரிய புட்டியைச் சிறு பிள்ளையும் இவ்வாறு ஆய்ந்து அறியலாம்.

பின் ஆயில் என்னும் பெயர் எவ்வாறு ஒட்டிற்று? முற்காலத் தடுப்பி நீர்மங்கள் பலவற்றில் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்திருந்தன. அந்நாளில் அப்பெயரில் பாதி உண்மையேனும் இருந்தது. ஆமணக்கெண்ணெய், இரப்பர் என்று வழங்கும் தொய்வத்தைக் கெடுக்காது என்பதற்காகவே தேர்ந்துகொள்ளப்பட்டது. கல்நெய்யின் வழிவந்த எண்ணெய்களுக்கு அக்காலத்திலும் அங்கு இடமில்லை. ஆமணக்கு போயிற்று; பெயர் மட்டும் ஆவிபோல் நின்றுவிட்டது.

தொய்வத்திற்கு வரும் கேடு யாது என்பதை அறிய, ‘மாஸ்டர் சிலிண்டர்’ எனப்படும் தலைமை உருளையின் உள்ளே சற்று எட்டிப் பார்த்தல் வேண்டும். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாசுகல் 17-ஆம் நூற்றாண்டில் நிறுவிய உண்மை. அதனை ஊர்தியின் தடுப்பிக்குப் பயன்படுத்தியவர் அமெரிக்கரான மால்கம் லாகீடு. 1921-இல் தூசன்பர்க் மகிழுந்தின் நான்கு சில்லுகளுக்கும் அம்முறை அமைந்தது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது தலைமை உருளையினுள் உந்துதண்டு முன்னேறுகின்றது. அதன் முகத்திலுள்ள தொய்வக் கிண்ணம் உருளையின் சுவரை இறுகப் பற்றிக்கொண்டு நீர்மத்தைக் குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் தள்ளுகின்றது. ஒன்றரைத் தன்னெடையுள்ள ஊர்தி, ஒரு சிறு கிண்ணத்தின் விளிம்பை நம்பியே நிற்கின்றது என்றால் மிகையாகாது.

அங்கே ஒரு நுண்துளையும் உண்டு. மிதியினின்று கால் எடுத்ததும் உந்துதண்டு பின்வாங்கும். கிண்ணத்தின் விளிம்பு அத்துளையைக் கடந்து பின்செல்ல, உருளைக்கும் மேலுள்ள குடுவைக்கும் வழி திறக்கும். வெப்பத்தால் விரிந்த நீர்மம் அவ்வழியே குடுவைக்கு மேலேறித் தணியும். இப்போது உள்ளே பொறியெண்ணெய் புகுந்ததாகக் கொள்வோம். கிண்ணம் அதனைக் குடித்து உப்புகின்றது. உப்பிய விளிம்பு நுண்துளையை மூடிக்கொள்கின்றது. கால் எடுத்த பின்னும் அழுத்தம் வெளியேற வழியில்லை. தடுப்பி தானாகவே உரசும், உரசலால் சூடேறும், சூட்டால் நீர்மம் மேலும் விரியும், விரிந்த நீர்மம் தடுப்பியை மேலும் இறுக்கும். இறுதியில் சில்லுகள் சுழல மறுத்து நின்றுவிடும். அன்றிக் கிண்ணம் மென்மையாகிக் கிழிந்து, மிதி வெறுமனே தரை தொடும். இவ்விரண்டில் எது முந்தும் என்பதை எவராலும் முன்னறிந்து கூற இயலாது. குடுவை மூடியின் உட்புறத் தொய்வம் ஊதிப் பருத்திருப்பதே இதன் முதல் அறிகுறி. அதனைக் கண்ட அன்றே ஊர்தியை நிறுத்திவிடுதல் வேண்டும். எண்ணெய் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் தலைமை உருளையை மட்டும் மாற்றுவது போதாது. நான்கு சில்லுகளிலும் உள்ள தொய்வ உறுப்புகள், வளையும் குழாய்கள் அனைத்தும் மாற்றப்பெறல் வேண்டும். சில்லுகள் பூட்டிக்கொள்ளாவண்ணம் காக்கும் ‘ஏபிஎஸ்’ அமைப்புள்ள ஊர்தியாயின் செலவு பன்மடங்காகும். ஒரு சொல்லின் விலை இது.

எண்ணெய் கலவாத ஊர்தியிலும் தலைமை உருளை மூப்படையும். கிண்ணத்தின் விளிம்பு தேயும். நீர் கலந்த நீர்மத்தால் உருளையின் உட்சுவர் அரிபட்டுக் குழிகள் விழும். அந்நிலையில், பொறியை ஓடவிட்டு மிதியை அழுத்திப் பிடித்திருந்தால் அது அரை மணித்துளிக்குள் மெல்ல மெல்லத் தாழும். வெளியே ஒரு துளியும் ஒழுகாது. குடுவையிலும் அளவு குறையாது. நீர்மம் கிண்ணத்தைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகின்றது என்பதே பொருள். ‘அளவு சரியாகத்தானே இருக்கிறது’ என்று ஊர்தியைத் திருப்பியனுப்பும் பட்டறை, தன் தொழிலை அறியாத பட்டறை. கிண்ணங்களை மட்டும் தனியே விற்கும் தொகுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் அவற்றைப் பொருத்துவதில் பிழையில்லை. குழி விழுந்த உருளையில் புதுக் கிண்ணம் பொருத்துவதோ, சில திங்களில் அதே வேலையை மீண்டும் செய்வதற்கான ஏற்பாடேயாகும். அங்குச் சிக்கனம் பேசுவது அறிவுடைமையன்று. முழு உருளையையும் மாற்றுவதே தக்கது.

மாற்றும் முறையிலும் கவனிக்கத்தக்கன சில உள. புதிய உருளையை ஊர்தியில் பூட்டுவதற்கு முன்பே பிடிப்பானில் இறுக்கி, நீர்மம் நிரப்பி, உந்துதண்டை மெல்லத் தள்ளித் தள்ளிக் குமிழிகள் முற்றும் ஒழியும்வரை காற்றைப் போக்கல் வேண்டும். விரைவில் முடிக்க வேண்டுமென்று இதனைத் தாண்டுவோர், பின்னர் நெடுநேரம் மிதித்தும் மிதி பஞ்சுபோல் இருப்பது கண்டு திகைப்பர். குழாய்களின் மறைகளை முதலில் கையாலேயே திருகிப் பிடிக்கச் செய்து, அதன் பின்னரே கருவியால் இறுக்குதல் வேண்டும்; புரி சிதைந்தால் உருளையே வீண். தள்ளுகோலுக்கும் உந்துதண்டிற்கும் இடையே அந்தந்த ஊர்திக்குரிய சிறு இடைவெளி இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் மேற்கூறிய நுண்துளை திறவாது. எண்ணெய் ஊற்றாமலே எண்ணெய் ஊற்றிய கேடு வந்து சேரும். சிந்திய நீர்மம் வண்ணப்பூச்சை உரித்துவிடுமாதலின் உடனே நீர்விட்டுக் கழுவுதல் வேண்டும்.

இனி, பழைய நீர்மத்தை முற்றும் போக்கிப் புதியதை நிரப்புவது பற்றி. இதனைத்தான் தமிழ்நாட்டில் மிகப் பலரும் புறக்கணிக்கின்றனர். எண்ணெயாக இருந்தால் அது நீரை ஏற்காது. இந்நீர்மமோ காற்றிலுள்ள ஈரத்தை நாளும் உறிஞ்சுகின்றது. ‘டாட் 3’ வகை நீர்மம் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதித்தல் வேண்டும் என்பது வரையறை. 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலைக்கு வரையறுத்த அளவு 140 பாகை. ‘டாட் 4’ வகைக்கு அவ்வெண்கள் 230, 155. (டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம், எண் ஏற ஏறச் சிறந்தது என்று கருதி ‘டாட் 5’ வாங்கிவிடலாகாது. அது சிலிக்கோன் வகை, ஏனையவற்றோடு சேராது. ‘டாட் 5.1’ மீண்டும் கிளைக்கால் வகையே. இக்குழப்பத்தை விளைத்தவர் தமிழர் அல்லர்!)

இவ்வெண்களின் பொருளைக் கொல்லிமலைச் சாலை நன்கு விளக்கும். அங்கு 70 கொண்டையூசி வளைவுகள். உதகையினின்று மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. தாழ்ந்த பல்லிணைப்பில் பொறியின் பிடியைக் கொண்டு இறங்காமல், தடுப்பியையே விடாது மிதித்துக்கொண்டு இறங்குவோரின் ஊர்தியில் வெப்பம் ஏறிக்கொண்டே செல்லும். நீர் கலந்த பழைய நீர்மம் கொதித்து ஆவியாகும். நீர்மத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். மிதித்த விசையெல்லாம் ஆவியை நசுக்குவதிலேயே கழிந்துவிடும்; சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது. பின்னர் ஊர்தி குளிர்ந்தபின் எடுத்து ஆய்ந்தால் தடுப்பி ஒழுங்காகவே பிடிக்கும். அதனால் ஓட்டுநரின் சொல்லை எவரும் நம்புவதில்லை.

இதனைத் தவிர்க்கவே ஈராண்டுக்கு ஒருமுறை நீர்மத்தை மாற்றுமாறு ஊர்தி செய்வோர் பலர் கூறுகின்றனர். குறைந்த அளவிற்கு மேலே சிறிது ஊற்றிவிடுவது மாற்றமாகாது. பழஞ்சோற்றுப் பானையில் புதுச்சோறு இடுவது போன்றதே அது. அளவு குறைந்ததென்றால் ஒன்று தடுப்புக் கட்டைகள் தேய்ந்திருக்கும், அன்றி எங்கோ ஒழுகும். அதனைத் தேடிக் காணாமல் ஊற்றி மறைப்பது நோயை மறைத்து நோயாளியை அனுப்புவதாகும்.

மாற்றும்போது குடுவை ஒருபோதும் வறண்டுவிடலாகாது. ஊர்திக் கையேடு கூறும் வரிசையில் ஒவ்வொரு சில்லாகக் காற்றுப்போக்கும் திருகைத் திறந்து, தெளிந்த குழாயின் வழியே கருத்த நீர்மம் போய்த் தெளிந்தது வரும்வரை விடல் வேண்டும். மிதியை விடுமுன் திருகை மூடிவிடல் வேண்டும். பழைய தலைமை உருளையை மாற்றாமல் நீர்மத்தை மட்டும் மாற்றுவோர் மிதியின் கீழ் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வது நன்று. உந்துதண்டு நாள்தோறும் செல்லாத அடிப்பகுதியில் துருவும் படிவும் இருக்கும். மிதியைத் தரைவரை மிதித்தால் கிண்ணம் அதன்மேல் உரசிக் கிழியும். ‘நீர்மம் மாற்றிய மறுநாளே உருளை போயிற்று’ என்னும் முறையீடுகளில் பலவற்றுக்கு இதுவே கரணியம். வெளியேறிய நீர்மத்தை வடிகட்டி மீண்டும் ஊற்றும் இழிசெயல் எங்கு நடப்பினும் கடியத்தக்கது.

பெயருக்கு மீண்டும் வருவோம். தடுப்பி, நிறுத்தி, தடை என எச்சொல்லைக் கொள்வது என்பதில் சொல்லாக்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். எதைக் கொள்ளினும் அதனையடுத்து நீர்மம் வருதல் வேண்டும், எண்ணெய் வரலாகாது. பட்டறைச் சொல்லை அப்படியே பெயர்த்துத் ‘தடுப்பெண்ணெய்’ என்று எழுதுவது தூய தமிழில் எழுதிய பொய்யாகவே முடியும். எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நுண்ணிய எழுத்தில் அச்சிட்டு விற்கும் நீர்மப் புட்டிகளைப் பட்டறைகளில் கையாளுவோர் தமிழ் மட்டும் அறிந்த கம்மியர்கள். இந்நாட்டில் விற்கப்பெறும் ஒவ்வொரு புட்டியின் மேலும், பெயருக்கு நிகரான பெரிய எழுத்தில், தமிழில் இவ்வளவேனும் அச்சிடச் செய்தல் அரசின் கடமை: ‘தடுப்பி நீர்மம். எண்ணெயன்று. எந்த எண்ணெயையும் இதனுடன் சேர்க்கற்க. திறந்த புட்டியை நெடுநாள் வைத்துப் பயன்படுத்தற்க. கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவரை அணுகுக.’